வெள்ளிக்கிழமை நெட்

எந்த நெட் எடுத்தால் நல்லது என்று கேட்கத்தானே வந்தாய்? உள்ளே வா தாயி. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆட்டம் கொடுக்கும். இதில் உட்கார். உங்கள் வீட்டுப் பால்காய்ச்சுக்கு நான் வரவில்லையே என்று மனசில் வைத்துக்கொள்ளாதே. வாசல் வரைக்கும் வந்தேன். கோமதி முதல் பந்தியிலேயே உட்கார்ந்திருந்தாள். சரி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன். இப்போது எங்களுக்குள் பேச்சு உண்டுதான். ஆனாலும் ஒரே பந்தியில் உட்கார்கிற அளவுக்கு இன்னும் ஆகவில்லை.

கோமதி யாரா? இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவள். சொந்தம் கிடையாது, பழக்கத்தில் மதினி. நானும் அவளும் சின்னப் பிள்ளையிலேயே ஒரே தீப்பெட்டி ஆபீசில் குச்சியைக் கட்டையில் அடுக்கியவர்கள். நான் அஞ்சாம் கிளாஸோடு போனேன், அவள் ஆறு முடித்துவிட்டு வந்தாள். அந்த ஒரு கிளாஸை இன்னும் சொல்லிக் காட்டுவாள். மெதுவாகப் பேசுவோம். அந்த ஜன்னல் அவளுடைய அடுப்படிப் பக்கம்.

நெட் விஷயம் என்றால் இந்தத் தெருவில் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் வேறு யாரிடமும் கேட்க வேண்டும். படித்தவள் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பட்டவள். ஏன் மெதுவாக வருகிறது, எப்போது மெதுவாக வருகிறது, யாரால் மெதுவாக வருகிறது என்று எல்லாம் எனக்குத் தெரியும். கம்பெனிக்காரனுக்கே தெரியாதது எனக்குத் தெரியும்.

முதலில் ஒன்று கேட்கிறேன். உனக்கு இடது கைப் பக்கத்து வீட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளை இருக்கிறதா? இல்லையா? வலது பக்கம்? அங்கேயும் இல்லையா? அப்படியென்றால் நீ கொடுத்து வைத்தவள். எந்த நெட் வேண்டுமானாலும் எடு.

எனக்கு நெட் எதற்கு என்று நினைக்கிறாய்? எனக்கு போனில் பச்சைப் பட்டன் மட்டும்தான் தெரியும். எல்லாம் மருமகளுக்காக. மருமகள் சிந்துஜா, மதுரைக்காரி. மெட்ராஸில் இருக்கிற ஒரு கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஆனால் மெட்ராஸுக்குப் போக வேண்டாம், வீட்டில் இருந்தே செய்யலாம். என் மகன் மாரீஸ்வரன் மருந்துக் கம்பெனியில் ரெப். பெண் பார்க்கப் போனபோது அவள் அப்பா என்னிடம் என்ன கேட்டார் தெரியுமா? "உங்க ஊர்ல நெட் நல்லா வருமா?" அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பெண் கொடுக்கிறவர்கள் தண்ணீர் வருமா என்றுதான் கேட்பார்கள். நான் சொன்னேன், "தண்ணிதான் சம்பந்தி முன்னப் பின்ன வரும். நெட் பேய் மாதிரி வரும்." எல்லாரும் சிரித்தார்கள். கல்யாணம் அந்தச் சிரிப்பிலேயே முடிவானது.

கணக்கு உனக்குப் புரிகிறதா? நெட் வந்தால் மருமகள் இங்கே. மருமகள் இங்கே என்றால் மகன் இங்கே. வரவில்லை என்றால் ரெண்டு பேரும் மெட்ராஸ், நான் மட்டும் இந்த வீட்டில் பல்லியோடு பேசிக்கொண்டு. வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் அந்தப் பெட்டியை நான் நெட் என்று நினைத்ததே இல்லை. என் வீட்டு விளக்கு என்றுதான் நினைத்தேன்.

கல்யாணத்துக்கு முன்னாலேயே கம்பெனிக்காரனை வரச் சொல்லி, சுவரில் ஓட்டை போட்டு, டி.வி. பக்கத்தில் பெட்டியை வைத்தோம். ஓட்டை போட்ட தூசியை நான் மூன்று தரம் கழுவினேன். வந்த புதிதில் எப்படி ஓடியது என்கிறாய்! மாடியறையில் சிந்துஜா பேசுவது இங்கிலீஷில் மழை பெய்கிற மாதிரி கேட்கும். ஒரு தடங்கல் கிடையாது. பெட்டியில் பச்சை விளக்குகள் மினுக் மினுக் என்று எரியும். எனக்குத் தொடப் பயம். ஷாக் அடித்துவிடுமோ என்று தூரத்தில் இருந்தே பார்ப்பேன்.

சரஸ்வதி பூஜை வந்தது. என் வீட்டில் அன்றைக்குத் துடைக்காத சாமான் இருக்காது. கிரைண்டர், மிக்சி, தையல் மிஷின், மகனுடைய பைக், அரிவாள்மனை, எல்லாவற்றையும் துடைத்து சந்தனம் குங்குமம் வைத்துவிடுவேன். அப்போது நினைத்தேன், வீட்டுக்குச் சோறு போடுகிற பெட்டி இது, இதை விடலாமா? சுவிட்சை அணைத்தேன். பின்னால் பார்த்தால் ஒட்டடை. ஒவ்வொரு வயராக உருவினேன். அதில் ஒன்றுக்குப் பச்சைக் குல்லாய் போட்டிருக்கும். அதற்குள் வெள்ளையாக ஒரு குச்சி, மருந்து முக்காத தீக்குச்சி மாதிரி. என்ன மென்மை! மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணியால் அதையும் துடைத்தேன். நுனியில் மோதிர விரலால் சந்தனத்தை ஒரு தொடு. அவ்வளவுதான். திரும்ப எடுத்த இடத்திலேயே செருகினேன், 'டக்' என்று உட்கார்ந்தது. வாழ்க்கையில் எத்தனை லட்சம் குச்சியைக் கட்டையில் அடுக்கியவள் நான். ஒரு குச்சியைச் செருகத் தெரியாதா?

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பெட்டிக்கும் துடைப்பும் பொட்டும் உண்டு. காலையில் குளித்துவிட்டு, நிலைப்படிக்கு வைக்கிறபோதே அதற்கும் வைத்துவிடுவேன். சிந்துஜா எழுந்திருக்க நேரமாகும். அவள் எழுவதற்குள் வீடே சந்தன வாசனையாக இருக்கும்.

சரஸ்வதி பூஜை கழிந்துதான் தாயி கண் பட்டது. சுண்டல் வாங்க வந்தாள் கோமதி. பெட்டியை உற்றுப் பார்த்தாள். "என்ன மதினி, ஒங்க வீட்டு நெட் பறக்குதாம்ல?" என்றாள். அந்த 'பறக்குதாம்ல' இருக்கிறதே, அது என் காதில் முள்ளாகக் குத்தியது. பின்னாலேயே அவள் மகன் ஹரிகரன் நின்றான். திருநெல்வேலியில் ஹாஸ்டலில் தங்கிக் கம்ப்யூட்டர் படிக்கிறான். "அத்தே, பாஸ்வேர்டு சொல்லுங்களேன், காலேஜுக்கு ஒண்ணு அனுப்பணும்." நான் பேக்கு மாதிரி மாடிக்குப் போய் மருமகளிடம் கேட்டு வந்து சொன்னேன். அவர்கள் போன பிறகு மிளகாயும் உப்பும் எடுத்துப் பெட்டியைச் சுற்றி அடுப்பில் போட்டேன். நெடியே இல்லை. நெடி இல்லாவிட்டால் என்ன அர்த்தம்? கண்ணடி பலம் என்று அர்த்தம்.

பூஜைக்கு அவளுக்கு லீவு. மறுநாள் வேலைக்கு உட்கார்ந்ததுமே சிந்துஜா மாடியிலிருந்து இறங்கி வந்து, "அத்தை, நெட் சுத்துது" என்றாள். அவள் போனில் பார்த்தேன், நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, செக்கு மாடு மாதிரி. அணைத்துப் போட்டாள். டி.வி. பக்கத்தில் இருந்தால் இழுக்காது என்று உயரத்தில் தூக்கி வைத்தான் மாரீஸ்வரன். கிடையாது. பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்த்தாள், அப்போதும் அதே வட்டம். அப்புறம் கம்பெனிக்குப் போன் போட்டார்கள், ஆள் வந்தான்.

அவன் பெயர் ஆறுமுகக்கனி. தொப்பையும் தோள்பையுமாக வருவான். போனில் ஒரு முள் ஓடும், பைக் மீட்டர் மாதிரி. பாதிகூடப் போகவில்லை. "லைன்ல வெளிச்சம் கம்மியா வருதும்மா" என்றான். நான் டியூப் லைட்டைப் போட்டுவிட்டேன். அவன் சிரித்தான். எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பச்சைக் குல்லாயை உருவி, பேனா மாதிரி ஒன்றை வைத்து 'டிக்' என்று அழுத்தினான். "என்ன தம்பி, ஊசியா போடுதீங்க?" என்று கேட்டேன். "சுத்தம் பண்றேம்மா" என்றான். யார் வீட்டில் வந்து எதைச் சுத்தம் பண்ணுகிறான் பார்! ஆனால் திரும்பச் செருகியதும் முள் விறுவிறு என்று ஏறிவிட்டது. போய்விட்டான். நெட் பழையபடி மழையாகப் பெய்தது.

எதுவரைக்கும்? வெள்ளிக்கிழமை வரைக்கும்.

வெள்ளிக்கிழமை திரும்பவும் வட்டம். திரும்பவும் போன், திரும்பவும் ஆறுமுகக்கனி, திரும்பவும் 'டிக்', திரும்பவும் சரியானது. அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பவும் வட்டம். இப்படியே கார்த்திகை போனது, மார்கழி வந்தது. படித்த பிள்ளைகள் ரெண்டு பேரும் ஒயர் கோளாறு, மழை, கம்பத்தில் ஈரம் என்று என்னென்னவோ சொன்னார்கள். வெள்ளிக்கிழமை என்பதைக் கவனித்தவள் யார்? நான்தான். இந்த அஞ்சாம் கிளாஸ்.

வெள்ளிக்கிழமைக்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம்? யோசித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் யோசித்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் யார் ஊருக்கு வருகிறான்? ஹரிகரன்! பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குகிறான், திங்கட்கிழமை போகிறான். பிடித்தேன் பார்.

உடனே சிந்துஜாவிடம் சொன்னேன். "அத்தை, ஒரு பையன் பாத்தா இவ்ளோ குறையாது" என்றாள். இருந்தாலும் என் நச்சரிப்புக்காகப் பாஸ்வேர்டை மாற்றினாள். அந்த வெள்ளிக்கிழமையும் வட்டம் சுற்றியது. பாஸ்வேர்டை மாற்றியும் உறிஞ்சுகிறான் என்றால் அவன் என்ன படிக்கிறான்? கம்ப்யூட்டர். பிறகென்ன சாட்சி வேண்டும்?

நீ கேட்பாய், அவன் சாயங்காலம்தானே வருகிறான், நெட் காலையிலேயே குறைந்துவிடுகிறதே என்று. அதையும் யோசிக்காமல் இருப்பேனா? அது முன்னேற்பாடு. வருவதற்கு முன்னாலேயே அங்கிருந்து ஏதோ செய்து வைத்துவிட்டு வருகிறான்.

தை பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை, சிந்துஜாவுக்குப் பெரிய நாள். அவள் செய்த வேலையை வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்ட வேண்டும். முந்தின நாளே சொல்லியிருந்தாள், "அத்தை, நாளைக்கு மட்டும் நெட் சரியா இருந்தாப் போதும், நீங்க சாமி கும்பிடுங்க" என்று. நான் சும்மா இருப்பேனா? அன்றைக்கு வழக்கத்தைவிட அழுத்தித் துடைத்தேன். சந்தனத்தைக் கொஞ்சம் கூடவே வைத்தேன். முருகனை வேண்டிக்கொண்டேன்.

கதவுச் சந்து வழியாகப் பார்த்தேன் தாயி. கம்ப்யூட்டரில் எல்லாரும் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இவள் முகம், பேச வாய் திறந்தபடி அப்படியே உறைந்து நின்றது. வெள்ளைக்காரன் ஒருவன் கையை ஆட்டி ஆட்டி என்னவோ கேட்டான். இவள் இங்கே கத்திக்கொண்டே இருந்தாள், அங்கே வாயைத் திறந்த படமாக நின்றாள். பிறகு கட்டங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. சிந்துஜா இறங்கி வந்து அந்த ஆட்டம் கொடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்தாள். "போச்சு அத்தை" என்றாள். கன்னம் எல்லாம் ஈரம். "அடுத்த மாசத்திலிருந்து ஆபீசுக்கு நேர்ல வரச் சொல்லிட்டாங்க. இல்லன்னா வேலை இல்ல."

மறுநாள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போய்விட்டாள், அங்கே நெட் நன்றாக வருமாம். மாரீஸ்வரன் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னான், "ஏரியா மாத்திக் கேக்கலாம்னு இருக்கேம்மா. மெட்ராஸ்ல எடம் இருக்காம்." நான், "குழம்பு ஊத்தவா?" என்று கேட்டேன்.

அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்? கொல்லைப்பக்கம் போனேன். கோமதி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"ஏ கோமதி! என் வீட்டு நெட்டெ உறிஞ்சித்தான் ஒன் மகன் பட்டம் வாங்கணுமோ?"

"என்ன மதினி பேசுதீங்க? எம் மகன் இந்த வாரம் வரவே இல்லியே. அவனுக்குப் பரீட்ச. திருநெவேலிலதான் கெடக்கான்."

"அப்ப அங்கருந்தே உறிஞ்சுதானா?"

"உறிஞ்சுததுக்கு அது என்ன எளநியா?" என்றாள். கையில் இருந்த ஈரப் பாவாடையை ஒரு உதறு உதறினாள், தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. "ஒங்க மருமக போனதுக்கு எம் மகன் என்ன செய்வான்? ஒங்க நொச்சு தாங்காமப் போயிருப்பா!"

சொல்லலாமா இப்படி? ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டவள் சொல்லலாமா? பார்த்தாயா, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், அதனால்தான் பேச்சை மாற்றுகிறாள். அதோடு பேச்சை நிறுத்திவிட்டேன். அன்றைக்கு ராமேஸ்வரத்தில் இருக்கிற என் அக்காவுக்குப் போன் போட்டு அழுதேன். அவளும், "நீ யாரைத்தான் நம்புவ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். கோமதி முந்திக்கொண்டு அவளுக்கு எப்போது போன் போட்டாள் என்று தெரியவில்லை.

அந்த வாரம் ஆறுமுகக்கனி வந்தான். அவனை நான் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். அவன் உள்ளே வந்து பச்சைக் குல்லாயை உருவினான், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனான். நிஜமாகவே மோந்து பார்த்தான் தாயி.

"ஏம்மா, இத யாரு கழட்டுதா?"

"யாரும் கழட்டலப்பா. என்னத் தவிர ஒரு ஈ காக்கா அதத் தொடாது."

"நீங்க எதுக்குக் கழட்டுதீங்க?"

"துடைக்கத்தான்."

"துடைக்கதுக்கா? எதுல?"

"மஞ்சத்தண்ணில. வேற எதுல துடைப்பாக?"

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அம்மா, இதுக்குள்ள தலைமுடியவிடச் சன்னமா கண்ணாடி இருக்கு. அது வழியாத்தான் நெட் வருது. கண்ணுக்குத் தெரியாத தூசி பட்டாலே போச்சு. நீங்க சந்தனத்தப் பூசி வச்சிருக்கீங்க. அழுக்கும்மா இது. இனிமே துடைக்காதீங்க."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! சந்தனம் அழுக்கா? சாமிக்குப் பூசுகிற சந்தனம் அழுக்கா? என் வீட்டில் வந்து, அஞ்சு தரம் கூட்டுகிற என் வீட்டில் வந்து, அழுக்கு என்கிறான். அதுவும் ஒரு பொம்பளையைப் பார்த்துத் துடைக்காதே என்கிறான். உலகத்தில் எங்கேயாவது உண்டா? துடைத்தால் கெட்டுப்போகிற சாமான் ஒன்று இருக்கிறதா, நீயே சொல். அவனுடைய வேலையில் கோளாறு, அதை மறைக்க என் கையைக் குற்றம் சொல்கிறான். "மொதல்ல உன் பையத் துடைச்சுக் கொண்டா, பெறவு எனக்குச் சொல்லலாம்" என்றேன். "பக்கத்து வீட்டுக்காரி ஒனக்கு என்ன குடுத்தா?" என்றும் கேட்டேன். அவன் 'டிக்' என்று அழுத்தி, செருகிவிட்டு வெளியே போனான்.

இங்கேதான் நீ கவனிக்க வேண்டும். அதே நேரத்தில் ஆட்டோ ஒன்று வந்து நிற்கிறது. யார்? சிந்துஜா. கையில் பெரிய சூட்கேஸ், காலியாக. மிச்சத் துணிமணியை எடுத்துப் போக வந்திருக்கிறாள். ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். வாசல் கேட் பக்கத்தில் அவளும் ஆறுமுகக்கனியும் பேசுகிறார்கள். அவன் கையை மூக்குக்குக் கொண்டு போய்க் காட்டுகிறான். விரலால் பொட்டு வைக்கிற மாதிரி காட்டுகிறான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரித்தாள் பார், சூட்கேஸின் மேலேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். வேலை போகப்போகிறது, வீட்டை விட்டுப் போகப்போகிறாள், லைன்மேனோடு என்ன சிரிப்பு? அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் பளிச்சென்று வந்தது. ஒருவேளை ரெண்டு பேரும் கூட்டோ? மெட்ராஸுக்குப் போக வேண்டும் என்று இவளே நெட்டைக் கெடுத்து வைத்தாளோ?

உள்ளே வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அத்தை, காபி இருக்கா?"

"இருக்கு. போறவுகளுக்கும் காபி உண்டு."

"யாரு போறா?" என்றாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, அந்தக் காலி சூட்கேஸைப் பரண்மேல் தூக்கி வைத்தாள். துணி எடுக்க வந்தவள் எதற்காகச் சூட்கேஸைப் பரணில் வைக்கிறாள்? கேட்டால் சொல்லவில்லை. என் முதல் சந்தேகம் அங்கே.

ரெண்டாவது சந்தேகம், மறுநாள் ஆறுமுகக்கனி ஒரு பெட்டியோடு வந்து மாடியில் என்னவோ செய்தான். என்னை மேலே வரவேண்டாம் என்றார்கள், மூட்டு வலியாம். எனக்கு மூட்டு வலி என்று ஆறுமுகக்கனிக்கு எப்படித் தெரியும்? அவன் போன பிறகு சிந்துஜா பழைய பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தாள், பிள்ளையைத் தூக்குகிற மாதிரி. "அத்தை, இது டி.வி. பக்கத்துல இருக்கக் கூடாதாம். சாமி அலமாரில இருந்தாத்தான் நல்லா இழுக்குமாம். மெயின் பெட்டி இதுதான். மேல வச்சிருக்கது சும்மா துணைக்கு. இதை நீங்கதான் பாத்துக்கணும். வேற யாரும் தொடக் கூடாது" என்றாள்.

"துடைக்கலாமா?" என்று கேட்டேன். வேண்டுமென்றே கேட்டேன்.

"துடைக்காமயா? நல்லாத் துடைங்க. வெள்ளிக்கிழமை தவறாமப் பொட்டு வைங்க."

கேட்டாயா? படித்தவள் சொல்கிறாள். அந்த ஆறுமுகக்கனி முகத்தில் அடித்த மாதிரி சொல்கிறாள். அடுத்த வெள்ளிக்கிழமை துடைத்தேன், பொட்டு வைத்தேன். நெட் ஓடியது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் ஓடியது. பங்குனி வந்தாயிற்று, இன்று வரை ஒரு வட்டம் சுற்றவில்லை. அவள் மேலதிகாரியிடம் பேசிப் பேசி, மெட்ராஸுக்கு வரவேண்டாம், அங்கேயே இரு என்று சொல்ல வைத்துவிட்டாள். மாரீஸ்வரன் ஏரியாவைப் பற்றிப் பேசுவதே இல்லை. எப்படிச் சரியானது என்கிறாய்? நான் சுவரோரம் நின்று போட்ட சத்தம்தான். அந்தப் பயத்தில் ஹரிகரன் உறிஞ்சுவதை விட்டுவிட்டான். கோமதிக்கே உள்ளுக்குள் உறுத்தல். ஒரு நாள் சிந்துஜா நான் செய்த கொழுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு, எனக்குத் தெரியாமல் அவள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். மறுநாளே அங்கிருந்து முறுக்கு வருகிறது. குற்றம் செய்யாதவள் எதற்கு முறுக்குக் கொடுத்து அனுப்புகிறாள்? முறுக்கு நன்றாகத்தான் இருந்தது. அதை இல்லையென்று சொல்லவில்லை.

இதோ பார், சாமி அலமாரியில் இருக்கிறதே, இதுதான் மெயின் பெட்டி. பக்கத்தில் வந்து பார். எவ்வளவு பளபளப்பு! பின்னாலேயும் பார், ஒரு தூசி இருக்காது. என்ன தேடுகிறாய்? ஒயரா? ஒயர் ஒன்றும் வரவில்லையே என்று பார்க்கிறாயா? நீ படித்த பிள்ளைதானே? ஒயர் இல்லாமல் வருவதற்குப் பெயர்தான் வைஃபை. சிந்துஜா எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். விளக்குக்கூட எரிய வேண்டியதில்லையாம், கரண்டு மிச்சமாம். எதற்குச் சிரிக்கிறாய்? இருமலா? தண்ணீர் குடி.

அதனால் நீயும் இதே கம்பெனியை எடு. ஆனால் ஆறுமுகக்கனி பேச்சைக் கேட்காதே. வெள்ளிக்கிழமைதோறும் கழற்றித் துடைத்துவிடு. உனக்குப் பயமாக இருந்தால் நானே வந்து துடைத்துத் தருகிறேன், இதிலே என்ன இருக்கிறது?

ஒன்று மட்டும்தான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உன்னிடம் சொல்கிறேன், வெளியே சொல்லாதே. முன்னெல்லாம் பாதிக் காலை வரைக்கும் தூங்குவாள் சிந்துஜா. இப்போது வெள்ளிக்கிழமை என்றால் எனக்கு முன்னாலேயே எழுந்து குளித்துவிட்டு வந்து நிற்கிறாள். சந்தனக் கட்டையை அவளே இழைக்கிறாள். "அத்தை, பின்பக்கம் ஒரு பொட்டு விட்டுப்போச்சு" என்று காட்டுகிறாள். எல்லாம் முடிந்த பிறகு, விரலில் மிஞ்சின சந்தனத்தை வைக்கச் சொல்லி நெற்றியை நீட்டுகிறாள். எந்த மருமகள் மாமியாரிடம் இப்படி இருப்பாள்? சொந்த மகள்கூட இருக்க மாட்டாள். இதில் ஏதோ இருக்கிறது தாயி. கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

போகிறாயா? இரு, குங்குமம் எடுத்துக்கொள். அண்ணாந்து என்ன பார்க்கிறாய்? பரணிலா? ஆமாம், அதுதான் அந்த சூட்கேஸ். தூசியாகத்தான் இருக்கிறது, எனக்கும் தெரியும். ஒட்டடை அடிக்கும்போது அதை மட்டும் விட்டுவிடுவேன். தினமும் காலையில் முதல் வேலையாக அண்ணாந்து பார்ப்பேன், தூசி கலையாமல் இருக்கிறதா என்று. அது கிடக்கட்டும், அதைத் துடைக்க வேண்டாம்.